உங்களுக்குத் தெரியுமா? வளாகத்தில் கால் நிற்கும் இடங்கள்

வகுப்பு முடிந்த பிறகும் மாணவர்கள் ஓர் இடத்தைவிட்டு நகராமல் பேசிக்கொண்டிருக்கிறார்களா? அந்த இடத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். உட்கார ஒரு கட்டைச்சுவர் இருக்கும். தலைக்கு மேல் நிழல் இருக்கும். நாலு பேர் கடந்துபோகிற வழியாக இருக்கும். பத்து மாடி எழுப்பினாலும் ஒரு பல்கலைக்கழகத்தின் உயிர் தரைத்தளத்தில்தான் ஓடுகிறது. பாடத்தில் புரியாததை நண்பனிடம் கேட்டுப் புரிந்துகொள்வதும், வேறு துறைக்காரரோடு வாதாடுவதும், பேராசிரியரை வழியில் மடக்கிச் சந்தேகம் கேட்பதும் அங்கேதான். அதை உணர்ந்து கட்டியவர்களைப் பற்றியும், மறந்து கட்டியவர்களைப் பற்றியும் சில தகவல்கள்.

பழையவர்கள் அறிந்திருந்தார்கள்

● பிகாரில் அகழ்ந்தெடுக்கப்பட்ட நாளந்தாவின் துறவியர் இல்லங்களில் ஒரே அமைப்பு திரும்பத் திரும்ப வருகிறது. நடுவில் திறந்த முற்றம், சுற்றிலும் தாழ்வாரம், தாழ்வாரத்தை ஒட்டி அறைகள். பல முற்றங்களில் கிணறும் உண்டு. அறையைவிட்டு வெளியே வந்தாலே இன்னொருவர் முகத்தில் விழித்தாக வேண்டும். ஏழாம் நூற்றாண்டில் சீனப் பயணி யுவான் சுவாங் தங்கிப் படித்த இடம் இது. 2016-இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமானது.

● இத்தாலியின் பொலோனியா பல்கலைக்கழகம் 1088-இல் தொடங்கியதாகக் கொள்ளப்படுகிறது. படிக்க வந்தவர்களாலும் பிழைக்க வந்தவர்களாலும் ஊர் நிரம்பியதும், வீட்டுக்காரர்கள் மேல்மாடியைத் தெருப்பக்கம் நீட்டிக் கட்டினார்கள். அதைத் தாங்கத் தூண்கள் வந்தன; தூண்களுக்குள் நிழல்பாதை பிறந்தது. 1288-இல் நகரச் சட்டமே வந்துவிட்டது: புது வீடு கட்டினால் முன்பக்கம் தூண்தாழ்வாரம் வைத்தாக வேண்டும். குதிரையில் போகிறவர் தலை இடிக்காதபடி அதன் உயரம் சுமார் 2.66 மீட்டராவது இருக்க வேண்டும். இடம் வீட்டுக்காரருடையது, நடக்கும் உரிமை ஊருக்கு. இன்று மொத்தம் 62 கிலோமீட்டர் நீளத்துக்கு இத்தகைய தாழ்வாரங்கள் அங்கே உள்ளன. பல்கலைக்கழகக் கட்டடங்கள் வரிசையாக நிற்கும் சம்போனி தெருவில் மாணவர்கள் இன்றும் நிற்பதும் பேசுவதும் அவற்றின் அடியில்தான். 2021-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன.

● கேம்பிரிட்ஜின் ஒரு கல்லூரியில் 1560-களில் ஒரு முற்றத்தைக் கட்டிய ஜான் கீஸ் ஒரு மருத்துவர். மூன்று பக்கம் மட்டுமே கட்டடம் எழுப்பி, தெற்குப் பக்கத்தைத் திறந்து விட்டார். நாலு பக்கமும் அடைத்தால் காற்று தேங்கி நோய் வரும் என்பது அவர் கவலை. பின்னால் வருகிறவர்கள் அடைத்துவிடக் கூடாது என்று கல்லூரி விதியிலும் எழுதி வைத்தார்.

● அமெரிக்க அதிபராக இருந்த தாமஸ் ஜெபர்சன் 1819-இல் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தை நிறுவியபோது ஒரே பெரிய கட்டடம் வேண்டாம் என்றார். நீண்ட புல்வெளியின் இருபுறமும் 10 மாளிகைகள், அவற்றுக்கு இடையே 54 மாணவர் அறைகள், எல்லாவற்றையும் இணைக்கும் தூண்வரிசைத் தாழ்வாரம். மாளிகையின் கீழ்த்தளத்தில் வகுப்பு நடக்கும், மேல்தளத்தில் பேராசிரியர் குடியிருப்பார். கற்பிப்பவரும் கற்பவரும் ஒரே தாழ்வாரத்தில் நடந்தாக வேண்டிய ஏற்பாடு. கடைசி ஆண்டு மாணவர்கள் இன்றும் அந்த அறைகளில் தங்க விண்ணப்பித்து இடம் பிடிக்கிறார்கள்.

● நம் ஊரில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் எழுத்தறிந்தது திண்ணைப் பள்ளிக்கூடங்களில். தெருவைப் பார்த்த மேடையே வகுப்பறை. பரப்பிய மணலே பலகை. உ.வே. சாமிநாதையரும் அப்படிப் படித்தவர்தான். வீட்டின் தரைமட்ட விளிம்பைக் கல்விக்கு விட்டுக்கொடுத்த மரபு நமக்கு இருந்திருக்கிறது.

அளவுகள் சொல்லும் சேதி

● நியூயார்க்கின் திறந்தவெளிகளில் கேமராவோடு காத்திருந்து, யார் எங்கே உட்காருகிறார்கள் என்று ஆண்டுக்கணக்கில் பதிவுசெய்தவர் வில்லியம் ஒயிட். 1980-இல் அவர் வெளியிட்ட முடிவு மிக எளிமையானது: உட்கார இடம் இருக்கும் இடத்தில்தான் மக்கள் உட்காருகிறார்கள். ஓர் அடி முதல் மூன்றடி வரை உயரமுள்ள எந்த விளிம்பும் இருக்கையாகிவிடும் என்று கண்டார். அதற்கு முன்பே, 1975-இல், அவர் ஆய்வை ஒட்டி அந்நகரம் விதியைத் திருத்தியிருந்தது. திறந்தவெளியின் ஒவ்வொரு 30 சதுர அடிக்கும் ஓரடி நீள இருக்கை கட்டாயமானது.

● ஒயிட் கண்ட இன்னொன்று: மனிதரை அதிகம் ஈர்ப்பது மனிதர்தான். தனிமை வேண்டும் என்று வாயால் சொல்பவர்களும் கூட்டம் நடமாடும் பாதையோரத்திலேயே போய் அமர்ந்தார்கள். கட்டடத்தின் பின்புற மூலையில் போட்ட சிமென்ட் பெஞ்சு காலியாகக் கிடப்பது ஏன் என்று இப்போது புரிகிறதா?

● கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் அலெக்சாண்டர் 1970-களில் ஒரேகான் பல்கலைக்கழக வளாகத்துக்கு வகுத்த திட்டத்தில், கட்டடத்தைப் பயன்படுத்துகிறவர்களே அதன் வடிவத்தை முடிவுசெய்ய வேண்டும் என்றார். உட்காரத் தகுந்த சுவருக்கு அவர் சொன்ன அளவு: உயரம் சுமார் 16 அங்குலம், அகலம் குறைந்தது 12 அங்குலம். எந்தக் கொத்தனாரும் ஒரு நாளில் கட்டிவிடலாம்.

● நாம் சாதாரணமாக நடப்பது மணிக்கு 5 கிலோமீட்டர் வேகம். அந்த வேகத்தில் நாலைந்து விநாடிக்கு ஒருமுறை கண்ணுக்கு ஏதாவது புதிதாகக் கிடைத்தால் நடை அலுக்காது என்கிறார் டென்மார்க் கட்டடக் கலைஞர் யான் கேல். அதாவது 100 மீட்டருக்குள் 15 முதல் 20 வாசல்கள். ஒரே நீளச் சுவராக நிற்கும் ஆய்வுக்கூடத்தின் ஓரமாக யாரும் நிற்காமல் போவதற்குக் காரணம் இதுவே.

● திறந்தவெளியில் முதலில் நிரம்புவது நடுப்பகுதியா, ஓரமா? ஓரம்தான். நெதர்லாந்து சமூகவியலாளர் டெர்க் டி யோங் இதை உணவகங்களிலும் பொழுதுபோக்கு இடங்களிலும் கவனித்து எழுதினார். முதுகுக்குப் பின்னால் சுவரோ தூணோ இருந்தால் மனம் நிம்மதி அடைகிறது; முன்னால் நடப்பது எல்லாம் தெரிகிறது. அதனால் தூண்களும் உள்வாங்கிய வாசல்களும் உள்ள கட்டடத்தில் ஆட்கள் தங்குகிறார்கள். வழவழப்பான கண்ணாடிச் சுவரில் தங்குவதில்லை.

● எதிரே வருபவரின் முகபாவம் தெளிவாகத் தெரிய வேண்டுமானால் 20 முதல் 25 மீட்டருக்குள் இருக்க வேண்டும். அதைவிடப் பரந்த மைதானத்தின் இரு முனைகளில் இருக்கும் இரு துறைகள் ஒன்றையொன்று பார்க்கும், ஆனால் அடையாளம் காணாது.

● அமெரிக்காவின் எம்.ஐ.டி.யின் மாணவர் குடியிருப்பில் யாருக்கு யார் நண்பர் என்று ஃபெஸ்டிங்கர், ஷாக்டர், பேக் ஆகிய மூவர் ஆராய்ந்து 1950-இல் வெளியிட்டார்கள். ஒரே தளத்தில் அடுத்த வீட்டுக்காரரை நெருங்கிய நண்பர் என்றவர்கள் 41 சதவீதம். இரண்டு வீடு தள்ளி 22. அதே வரிசையின் மறுமுனையில் வெறும் 10. மாடிப்படியின் அடியில் குடியிருந்தவர்களுக்கு மேல்மாடி நண்பர்கள் மற்றவர்களைவிட அதிகம். படிக்கட்டை எங்கே வைக்கிறார் என்பதன் மூலம் யாருக்கு யார் நண்பராவார் என்பதையும் கட்டடக் கலைஞர் ஓரளவு தீர்மானித்துவிடுகிறார்.

● ஹார்வர்டின் பழைய மைய முற்றம் நூற்றாண்டுகளாகக் கடந்துபோகும் இடமாகவே இருந்தது. 2009-இல் வண்ண வண்ண நாற்காலிகளைப் புல்வெளியில் போட்டார்கள். தரையில் பதிக்கவில்லை. நிழல் நகர்ந்தால் நாற்காலியும் நகரும். ஐந்து பேர் வந்தால் வட்டமாகும். ஒரு கல்லும் மாற்றாமல் முற்றம் அமரும் இடமானது.

வெயிலுக்கும் மழைக்கும் ஏற்ப

● வெனிசுவேலாவின் கராகஸ் பல்கலைக்கழகத்தில் கார்லோஸ் ராவுல் வில்லனுவேவா 1950-களின் தொடக்கத்தில் ஒரு மூடுசதுக்கம் கட்டினார். மேலே கூரை, பக்கங்களில் துளையிட்ட சுவர்கள் வழியே காற்றும் சல்லடையான வெளிச்சமும். உள்ளே லெஜே, ஆர்ப் போன்ற பெரும் கலைஞர்களின் படைப்புகள். காட்சிக்கூடத்தில் வைக்க வேண்டியவற்றை மாணவர் நடக்கும் வழியில் வைத்தார். 2000-இல் அந்த வளாகம் உலக மரபுச் சின்னமானது.

● நைஜீரியாவின் இஃபே பல்கலைக்கழகத்துக்கு ஆரியே ஷாரோன் வரைந்த கலைப்புலக் கட்டடங்கள் தலைகீழ்ப் பிரமிடு வடிவம். ஒவ்வொரு மேல்தளமும் கீழ்த்தளத்தைவிட வெளியே நீளும். மேலே இருப்பதே கீழே இருப்பதற்குக் குடை. வெயிலும் மழையும் படாத திறந்த தரைத்தளம் காற்றோட்டமாகக் கிடைத்துவிட்டது. குளிரூட்டியை நம்பாமல் வெப்ப நாட்டில் கட்டுவது எப்படி என்பதற்குப் பாடம் இது.

● கனடாவின் சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகம் மழை ஓயாத மலையுச்சியில் 1965-இல் திறக்கப்பட்டது. ஆர்தர் எரிக்சனும் ஜெஃப்ரி மாசியும் துறைக்கொரு கட்டடம் என்று பிரிக்காமல், நடுவில் கண்ணாடிக் கூரையிட்ட பெரிய வீதியை அமைத்தார்கள். எந்தத் துறைக்காரரும் அந்த வழியேதான் வர வேண்டும்.

கதவில்லாத கட்டடங்கள்

● பிரேசிலின் சாவ் பாவுலோ பல்கலைக்கழகக் கட்டடக்கலைப் புலத்துக்கு வாசற்கதவே கிடையாது. 1969-இல் திறக்கப்பட்ட அந்தக் கட்டடத்தின் கனத்த கான்கிரீட் பெட்டி தூண்கள் மேல் நிற்கிறது. அதன் அடியில் யாரும் நேராக உள்ளே நடந்து போகலாம். நடுவே பெரிய பொதுக்கூடம். தளங்களை இணைப்பவை அகலமான சாய்தளங்கள். ஏறும்போதே எதிர்ச் சாய்தளத்தில் வருபவரோடு பேச்சு தொடங்கிவிடும். வடிவமைத்த விலனோவா ஆர்ட்டிகாஸை அதே ஆண்டு ராணுவ ஆட்சி பேராசிரியர் பதவியிலிருந்து விலக்கியது. கட்டடம் திறந்தே இருந்தது.

● சுவிட்சர்லாந்தின் லோசானில் 2010-இல் திறந்த ரோலெக்ஸ் கற்றல் மையம் சுமார் 166 மீட்டர் நீளமும் 121 மீட்டர் அகலமும் கொண்ட ஒரே அறை. தரையே மேடும் பள்ளமுமாக எழுந்து தாழ்கிறது. எழுந்த இடத்தின் அடியில் நடந்துதான் நடுவிலுள்ள வாசலுக்குப் போக வேண்டும். சுவர்கள் பிரிக்க வேண்டிய வேலையை மேடுகள் செய்கின்றன.

● சிங்கப்பூர் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ‘தி ஹைவ்’ கட்டடத்துக்கு முன்பக்கம் பின்பக்கம் கிடையாது. 12 கோபுரங்கள், 56 வட்ட அறைகள். நடுவில் ஒரு பொதுவெளி. எந்தப் பக்கமும் நுழையலாம். மூலை இல்லாத அறையில் கடைசி பெஞ்சும் இல்லை.

● லண்டனின் தென்மேற்கில் உள்ள கிங்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் டவுன் ஹவுஸ் கட்டடம் தெருவை ஒட்டித் தூண்வரிசையோடு நிற்கிறது. நுழைவாயிலில் அட்டை கேட்கும் தடுப்புகள் இல்லை. ஊர்க்காரர்களும் உள்ளே வரலாம். நூலகமும் நடனக்கூடமும் ஒரே கூரையின் கீழ். 2021-இல் பிரிட்டனின் ஸ்டர்லிங் கட்டடக்கலைப் பரிசு இதற்குக் கிடைத்தது.

படியும் பாதையும்

● நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1897-இல் கட்டி முடித்த லோ நூலகத்தின் முன் அகன்ற படிக்கட்டு. ஏறிப்போகக் கட்டியது, வெயில் அடிக்கும் நாளில் மாணவர்கள் அதை நிறைத்து உட்கார்ந்துவிடுகிறார்கள். படி என்பது விலை கொடுக்காமல் கிடைக்கும் அரங்கம்.

● கலிபோர்னியாவின் பெர்க்லியில் 1964 டிசம்பர் 2 அன்று மாணவர் மாரியோ சாவியோ பேச்சுரிமைக்காக உரையாற்றியது ஸ்ப்ரௌல் மண்டபத்தின் படிகளில். கீழே சதுக்கம், மேலே படி. வேறு மேடை தேவைப்படவில்லை. 1997-இல் அந்தப் படிகளுக்கு அவர் பெயரையே வைத்தார்கள்.

● சிகாகோவின் இல்லினாய் தொழில்நுட்பக் கழகத்தில் மாணவர் மையம் கட்ட வந்த ரெம் கூல்ஹாஸ், முதலில் அந்த இடத்தின் குறுக்கே மாணவர்கள் நடந்து நடந்து உண்டாக்கிய ஒற்றையடிப் பாதைகளைக் கணக்கெடுத்தார். 2003-இல் திறந்த மையத்தின் உள்வழிகள் அந்தக் குறுக்குப் பாதைகளின் மேலேயே அமைந்தன. சாப்பாடு, கணினி, விளையாட்டு எல்லாம் அவற்றின் ஓரங்களில். கால்கள் போட்ட வரைபடத்துக்குக் கட்டடம் பணிந்தது.

● எம்.ஐ.டி.யின் ‘முடிவிலாத் தாழ்வாரம்’ 251 மீட்டர் நீளம். பல துறைகளை ஊடுருவிப் போகிறது. ஆண்டுக்கு இருமுறை, நவம்பரிலும் ஜனவரியிலும், மறையும் சூரியனின் ஒளி அதன் முழு நீளத்துக்கும் பாயும். அதைப் பார்க்க மாணவர்கள் கூடுகிறார்கள்.

● எதிர்மாறான உதாரணமும் உண்டு. 1965-இல் சிகாகோவில் திறந்த இல்லினாய் பல்கலைக்கழக வளாகத்தில் வால்டர் நெட்ஷ் மாணவர்களைத் தரையிலிருந்து தூக்கி, இரண்டாம் தளத்தில் கருங்கல் நடைபாலங்களில் நடக்கவிட்டார். மேலே மறைப்பில்லாத காற்று, கீழே இருட்டு. 1990-களில் பாலங்களை இடித்து, புல்வெளியும் சதுக்கமும் தரைக்கே கொண்டுவந்தார்கள்.

நம் பக்கத்தில்

● தாகூர் 1901-இல் சாந்திநிகேதனில் பள்ளியை மரத்தடியில் தொடங்கினார். 1921-இல் அது விசுவபாரதியாக வளர்ந்தது. ஆசிரியர் அமர மேடை, மாணவர்கள் வட்டமாகத் தரையில். வகுப்பு முடிந்தாலும் மரம் அங்கேயே இருக்கிறது, பேச்சும் தொடர்கிறது. சாந்திநிகேதன் 2023-இல் உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தது.

● அகமதாபாத் ஐ.ஐ.எம்.மைக் கட்டிய லூயி கான், விடுதியில் நீண்ட தாழ்வாரத்தின் இருபுறமும் அறைகளை அடுக்கும் வழக்கத்தை ஒதுக்கினார். பத்துப் பத்து அறைகளாக ஒரு மாடிப்படியையும் தேநீர்க் கூடத்தையும் சுற்றி அமைத்தார். வகுப்பறைக்கு வெளியேயும் கல்வி நடக்கிறது என்பது அவர் எண்ணம்.

● அதே பணியில் அவரோடு இருந்த பி.வி. தோஷி, பெங்களூரு ஐ.ஐ.எம்.மை வரைந்தபோது பழைய இந்திய நகரங்களையும் கோயில்களையும் மனத்தில் வைத்தார். சாம்பல்நிறக் கருங்கல் சுவர்கள், கொடி படர்ந்த பந்தல்கள், முற்றத்துக்கு முற்றம் திரும்பும் அகன்ற நடைக்கூடங்கள். வெயில் சில இடத்தில் விழும், சில இடத்தில் விழாது. நடப்பவர் தமக்குப் பிடித்த இடத்தில் நின்றுகொள்ளலாம். அகமதாபாத்தில் அவர் கட்டிய செப்ட் கட்டடக்கலைக் கல்லூரி வளாகத்திலும் கட்டடத்தின் அடிப்பகுதி திறந்தே இருக்கிறது. 2018-இல் பிரிட்ஸ்கர் கட்டடக்கலைப் பரிசு பெற்ற முதல் இந்தியர் இவரே.

● இலங்கையின் மாத்தறையில் 1980-களில் ஜெஃப்ரி பாவா ருகுணு பல்கலைக்கழகத்தை வடிவமைத்தார். மேடுகளை வெட்டிச் சமன் செய்யவில்லை. 50-க்கும் மேற்பட்ட கட்டடங்களை மேட்டின் சரிவிலேயே அமர்த்தி, கூரையிட்ட நடைபாதைகளாலும் படிகளாலும் இணைத்தார். திருப்பத்துக்குத் திருப்பம் ஒரு தாழ்வாரம். அங்கிருந்து பார்த்தால் கடல்.

● டெல்லி ஜவாகர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் கங்கா தாபாவில் தேநீரோடு நடந்த விவாதங்கள் நாடறிந்தவை. ஓர் இடத்தில் ஆள் சேர வேண்டுமானால் அங்கே உணவு விற்கட்டும் என்று ஒயிட் சொன்னதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம். கேன்டீனை வளாகத்தின் கோடியில் தள்ளுவது எவ்வளவு பெரிய தவறு!

யாருக்கு இந்த இடம்?

● ஷில்பா ஃபட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் மும்பைப் பெண்களைப் பற்றி 2011-இல் எழுதிய நூலின் வாதம் இது: காரணம் எதுவும் சொல்லாமல் பொதுவெளியில் சும்மா நிற்கும் உரிமை பெண்களுக்கும் உண்டு. 2015-இல் டெல்லி மாணவிகள் விடுதிக் கதவு மாலையிலேயே பூட்டப்படுவதை எதிர்த்து ‘பிஞ்ச்ரா தோட்’ (கூண்டை உடை) இயக்கம் தொடங்கினார்கள். எவ்வளவு அழகான முற்றமானாலும், விளக்கும் கழிவறையும் பக்கத்தில் இல்லாமல், ஆறு மணிக்கு மாணவியை உள்ளே விரட்டினால் அது பாதிப் பேருக்கு மட்டுமே கட்டியது.

● படிகள் மட்டுமே உள்ள இடத்தில் சக்கர நாற்காலியில் வருபவர் கீழேயே நின்றுவிடுகிறார். பொதுக் கட்டடங்கள் எல்லோரும் அணுகும்படி இருக்க வேண்டும் என்கிறது 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். சாய்தளத்தைப் பின்வாசலில் ஒளித்து வைக்காமல், நண்பர்கள் கூடும் அதே இடத்துக்குக் கொண்டுவருவதே நியாயம்.

கல்லூரி நடத்துவோருக்கும் கட்டடம் வரைவோருக்கும் ஒரு வேண்டுகோள். தரைத்தளம் முழுவதையும் வண்டி நிறுத்தத்துக்கும் கம்பிக் கதவுக்கும் கொடுத்துவிடாதீர்கள். ஒன்றரை அடி உயரத்தில் ஒரு சுவர், அதன் மேல் நிழல், பக்கத்தில் குடிநீர், இருட்டினால் ஒரு விளக்கு, நடமாட்டத்தைப் பார்த்தபடி ஒரு டீக்கடை: இவ்வளவு போதும். ‘இங்கே உட்காரக் கூடாது’ என்ற பலகைகளைக் கழற்றிவிடுங்கள். மாணவர்களே, உங்கள் வளாகத்தில் அப்படி ஓர் இடம் இல்லையென்றால் கேளுங்கள். புதுக் கட்டடத்தின் வரைபடம் கையெழுத்தாவதற்கு முன்பே கேளுங்கள்.